வியட்நாமியர் கடை வைத்தார்கள், ஜமைக்கர் வேலைக்குப் போனார்கள்: ஏன்?

#1 கணக்குப்பிள்ளை (நியூ ஜெர்சி)

வாட்சாப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். அதன் சாரம் இது: வியட்நாமியர் 1975இல் கட்டிய துணியோடு அமெரிக்கா வந்தார்கள், ஆங்கிலம் தெரியாது, இன்று கடையும் வீடுமாக இருக்கிறார்கள். ஜமைக்கர்களுக்கு ஆங்கிலம் தெரியும், அவர்கள் ஊரில் போரும் இல்லை, இருந்தும் மேலே வரவில்லை, ஆகவே அவர்கள் சோம்பேறிகள். நம் ஆட்களும் தலையாட்டிக்கொண்டே இதைப் பகிர்கிறார்கள்.

வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். இரண்டு சமூகத்தாரும் என் மேசைக்கு வருகிறார்கள். 'மேலே வந்தவர், வராதவர்' என்ற பிரிவு அந்தத் தாள்களில் எனக்குத் தெரிந்ததில்லை. ஒருவர் கடைக் கணக்கோடு வருகிறார், மற்றவர் சம்பளக் கணக்கோடு வருகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சுக்கு அடிப்படையாகச் சில விஷயங்கள். அமெரிக்காவில் வியட்நாமிய வம்சாவளியினர் 20 லட்சத்துக்கு மேல், ஜமைக்க வம்சாவளியினர் 10 லட்சத்துக்கு மேல். ஜமைக்காவின் மொத்த மக்கள்தொகையே 30 லட்சத்தைத் தொடவில்லை, அதையும் மனதில் வையுங்கள். குடும்ப வருமானத்தில் வியட்நாமியர் நாட்டின் இடைநிலையை ஒட்டிச் சற்று மேலே, ஜமைக்கர் சற்றுக் கீழே. காணொளிக்காரர் இங்கேயே நிறுத்திவிட்டார். ஆனால் வியட்நாமிய வீட்டில் ஆள் அதிகம், சம்பாதிக்கும் கைகளும் அதிகம். ஜமைக்க வீடுகளில் ஒரு பெண்ணின் சம்பளத்திலேயே எல்லாம் ஓடுவது அதிகம். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று. வியட்நாமில் பிறந்து இங்கு வந்த பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 'ஆசியர் என்றாலே படிப்பு' என்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

என் கேள்வி இதுதான்: ஏன் ஒருவர் கடைக்கும் மற்றவர் வேலைக்கும் போனார்கள்? அதனால் யாருக்கு என்ன கிடைத்தது?

#2 சின்னமனூரான்

கணக்கர் சார், குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்துக் குறைத்துக் காட்டுவது நியாயமா? ஒரே கூரையின் கீழ் ஐந்து பேர் சேர்ந்து வாழ்வதும், சம்பாதித்ததைப் பொதுவில் போடுவதும் ஒரு பண்பாடுதானே? அதைத்தான் அந்தக் காணொளி சொல்கிறது. கூட்டுக் குடும்பம் இருந்தால் கடை வைக்கலாம், கடைக்கு ஆள் வீட்டிலேயே கிடைக்கும். நம் ஊர்ச் செட்டிநாட்டுக்காரரும் சிவகாசிக்காரரும் அப்படித்தானே வளர்ந்தார்கள்? இதில் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது?

#3 ஹூஸ்டன்காரி

அண்ணா, கூட்டுக் குடும்பம் உதவியது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 'கட்டிய துணியோடு வந்தார்கள்' என்ற கதையில் பாதிதான் உண்மை.

1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வட வியட்நாம் படையிடம் விழுந்தபோது வந்த முதல் கூட்டம் சுமார் 1,30,000 பேர். தென் வியட்நாம் ராணுவ அதிகாரிகள், அரசு ஊழியர்கள், அமெரிக்க நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிறைய. கையில் காசில்லை என்பது சரி. ஆனால் படிப்பும் நிர்வாக அனுபவமும் அமெரிக்கர்களோடு பழகிய பழக்கமும் கூடவே வந்தன. கலிஃபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன், ஆர்கன்சாவில் ஃபோர்ட் சாஃபி என்று முகாம்கள் திறந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தேவாலயத்தையோ அமைப்பையோ பொறுப்பாளராகப் பிடித்துக் கொடுத்தார்கள். வாடகை, குளிர்ச் சட்டை, குழந்தைக்குப் பள்ளி, அப்பாவுக்கு முதல் வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். 1980 அகதிச் சட்டம் 36 மாதம் வரை பண உதவியும் மருத்துவமும் தந்தது. பிறகு 18 மாதமாக்கினார்கள், அதற்கப்புறம் 8 மாதம்.

அதற்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களின் கதை வேறு. மீனவர்கள், சிறு வியாபாரிகள், சைகோனின் சோலோன் பகுதிச் சீன வம்சாவளியினர். சீன வம்சாவளியினருக்கு வணிகம் புதிதல்ல. ஸ்ரீராச்சா மிளகாய்ச் சாஸ் செய்யும் ஹுய் ஃபாங் நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் ட்ரான் அவர்களில் ஒருவர். தன்னை ஏற்றிவந்த கப்பலின் பெயரையே 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் கம்பெனிக்கு வைத்தார்.

எங்கள் பக்கத்துக் கரையில் இறால் பிடித்தவர்கள் பட்டதும் கொஞ்சநஞ்சமல்ல. 1979இல் சீட்ரிஃப்ட் என்ற ஊரில் தகராறு முற்றிப் படகுகள் எரிந்தன. 1981இல் கால்வெஸ்டன் விரிகுடாவில் வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் இறங்கி மிரட்டியது. வியட்நாமிய மீனவர் சங்கம் நீதிமன்றம் போனது. தடையுத்தரவு போட்ட நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட் ஒரு கறுப்பினப் பெண்மணி. 'ஆசியர் தனியாக முன்னேறினார்கள்' என்று பேசுபவர்கள் இந்த வழக்கைச் சொல்லவே மாட்டார்கள்.

வியட்நாமியர் கடை என்றதும் நினைவுக்கு வரும் நகச் சலூனுக்கு (நகம் அழகுபடுத்தும் கடை) வருவோம். 1975இல் சாக்ரமெண்டோ பக்கம் ஹோப் வில்லேஜ் என்ற அகதி முகாமுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் போய்வந்துகொண்டிருந்தார். அங்கிருந்த பெண்கள் அவருடைய நகத்தைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். தன் நக அலங்காரக்காரரையே வரவழைத்து 20 பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, உரிமம் வாங்கவும் உதவினார். அதிலிருந்து அக்கா தங்கைக்கு, தங்கை சித்தி மகளுக்கு என்று பரவி, இன்று அமெரிக்காவின் நக அலங்காரத் தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வியட்நாமியர். கலிஃபோர்னியாவில் இன்னும் அதிகம். படிப்புக் காலம் சில மாதம்தான், உரிமத் தேர்வை வியட்நாமிய மொழியிலேயே எழுதலாம், பேச்சு வார்த்தை அதிகம் வேண்டாம், முதலும் கொஞ்சம் போதும்.

#4 சின்னமனூரான்

தங்கச்சி, வரலாறு தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் அரசு 36 மாதம் காசு கொடுத்தால் எல்லாரும் கடை வைத்துவிடுவார்களா? நம் ஊரிலும் எத்தனையோ மானியம் கொடுக்கிறார்கள்.

#5 குரோய்டன்_குமரன்

சின்னமனூரான் அண்ணாவுக்குப் பிரிட்டனிலிருந்து ஒரு பதில்.

இதே வியட்நாமியர் இங்கேயும் வந்தார்கள். 1979இல் தாட்சர் அரசு ஹாங்காங் முகாம்களிலிருந்து 10,000 பேரை எடுக்கச் சம்மதித்தது. இங்கு வந்தவர்களில் பலர் வட வியட்நாமிலிருந்து வெளியேறிய சீன வம்சாவளியினர், கிராமத்தவர், மீனவர். இங்கே வியட்நாமியரின் பழைய சமூகம் எதுவும் இல்லை. அரசு என்ன செய்தது தெரியுமா? ஓர் ஊருக்குச் சில குடும்பம் என்று நாடு முழுக்கத் தூவிவிட்டது. பக்கத்தில் பேச ஆளில்லை, கடன் கேட்க ஆளில்லை, வேலை சொல்லிவிட ஆளில்லை. அது தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த காலம் வேறு. 80களில் பிரிட்டன் வியட்நாமியரிடம் வேலையின்மை தலைவிரித்தாடியது. மெல்ல மெல்ல லண்டனுக்கே நகர்ந்துவந்து ஹேக்னியிலும் லூயிஷத்திலும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் கிங்ஸ்லாண்ட் சாலையில் ஃபோ (வியட்நாமிய நூடுல்ஸ் சூப்) கடைகள் வந்தன, நகக் கடைகள் அதற்கும் பிறகு. அந்தப் பண்பாடு 80களில் எங்கே போயிருந்தது?

அமெரிக்காவும் முதலில் இப்படித்தான் மாநிலம் மாநிலமாகத் தூவியது. ஆனால் அங்கு ஆட்கள் சீக்கிரமே மூட்டை கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கும் டெக்சஸுக்கும் நகர்ந்து கூடிக்கொண்டார்கள்.

ஜமைக்கர்களையும் இதே மாதிரி வைத்துப் பாருங்கள். 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் தொடங்கி 1962 சட்டம் கதவைச் சாத்தும்வரை பிரிட்டனுக்கு வந்தவர்கள் பேருந்து, ரயில், மருத்துவமனை, தொழிற்சாலை என்று வேலைக்கு வந்தார்கள். அடுத்த தலைமுறை வளரும்போது அந்தத் தொழிற்சாலைகளே இல்லை. அமெரிக்காவுக்குப் போன ஜமைக்கர்கள் பொதுவாக இங்குள்ளவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஒரே தீவு, ஒரே பள்ளிக்கூடம். யாரை, எந்த ஆண்டில், எந்த வேலைக்கு உள்ளே விட்டார்கள் என்பதுதான் மாறியது.

#6 பிராங்க்ஸ்_ராத்திரி

நான் பிராங்க்ஸில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரவு வேலை பார்ப்பவன். 'சோம்பேறி ஜமைக்கர்' என்று சொன்னவரை ஒரு ராத்திரி எங்கள் தளத்துக்கு அழைத்துவர வேண்டும். நர்ஸ்கள், நர்ஸ் உதவியாளர்கள், சமையலறை, துப்புரவு மேற்பார்வை, எங்கே திரும்பினாலும் ஜமைக்கப் பெண்கள். பலருக்கு இது இரண்டாவது வேலை. பகலில் ஒரு முதியவரின் வீட்டில் பராமரிப்பு, இரவில் இங்கே. ஜமைக்காவிலிருந்து வந்தவர்களில் வேலையில் இருப்போரின் விகிதம் அமெரிக்கச் சராசரியைவிட மேலே.

இவர்கள் ஏன் கடை வைக்கவில்லை என்றால், வேலை கிடைத்தது, அதனால் வைக்கவில்லை. 1952 சட்டம் கரீபியக் குடியேற்றப் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 100 பேர் என்று அடைத்து வைத்திருந்தது. 1962இல் ஜமைக்கா சுதந்திரம் பெற்றது, 1965இல் அமெரிக்கச் சட்டம் மாறியது, அதே நேரத்தில் நியூயார்க் மருத்துவமனைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரிட்டிஷ் பாணியில் படித்த, ஆங்கிலம் பேசும் நர்ஸ் கையில் இருந்தால் விடுவார்களா? பெண்கள் முதலில் வந்தார்கள், சங்கத்தில் சேர்ந்தார்கள். 1199 என்ற சுகாதாரத் தொழிலாளர் சங்கத்தில் கரீபியப் பெண்களின் பங்கு பெரிது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், விடுமுறைச் சம்பளம் எல்லாம் இருக்கிற வேலையை விட்டுவிட்டு எதற்கு நகக் கடையின் அசிட்டோன் நெடியில் உட்கார வேண்டும்?

ஆங்கிலம் தெரியாதவருக்கு மருத்துவமனைக் கதவு திறக்காது. அவர் சொந்தக்காரர் கடையில் சேர்வார், பிறகு தானே ஒன்று வைப்பார். கடை வைப்பது சில நேரம் துணிச்சல், சில நேரம் வேறு வழியில்லாமை.

கடையே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிராங்க்ஸில் 1989இல் ஹாத்தார்ன் குடும்பம் சேர்ந்து காசு திரட்டித் தொடங்கிய கோல்டன் க்ரஸ்ட் இன்று பல மாநிலங்களில் பாட்டி விற்கிறது. (இந்தப் பாட்டி மஞ்சள் மேலோட்டுக்குள் காரமான மாட்டிறைச்சி வைத்தது. நம் பஃப்ஸ் சாப்பிட்டவர்களுக்கு உடனே பிடிக்கும்.) புரூக்ளினில் ஃப்ளாட்புஷ் சாலையில் ஓடும் டாலர் வேன்கள் (தனியார் பயணிகள் வேன்கள்) 1980 போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் முளைத்தவை, ஓட்டுபவர்கள் பெரும்பாலும் கரீபியர்கள்.

#7 ஈழத்துப்பனை (ஸ்காபரோ)

நல்ல இழை. ரொறன்ரோவில் ஜேன் - ஃபின்ச் சந்திப் பக்கம் வியட்நாமியரும் ஜமைக்கரும் ஒரே மாடிக் கட்டடங்களில் பல காலமாக இருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் 'ஒருவர் மேலே, மற்றவர் கீழே' என்று சொல்ல வாய் வராது. இரண்டு பேரின் பிள்ளைகளும் ஒரே பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

வந்த வழியைப் பாருங்கோ. 1955இல் கனடா கரீபியப் பெண்களை வீட்டு வேலைக்கு எடுத்தது. மணமாகாதவராக, பிள்ளை இல்லாதவராக இருக்க வேண்டும், ஓராண்டு வேலை செய்தால் நிரந்தர வதிவிடம். 1966இல் பண்ணை வேலைக்கு ஜமைக்க ஆண்களை எடுக்கத் தொடங்கியது. பருவம் முடிந்ததும் திரும்பிப் போய்விட வேண்டும், அந்தத் திட்டம் இன்றும் ஓடுகிறது. தக்காளி பறிக்க வருடா வருடம் வந்து போகிறவர் எந்தக் காலத்தில் கடை வைப்பார்? 1979-80இல் 60,000 இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அகதிகள் வந்தபோதோ, பாதிக்கு மேற்பட்டவர்களைக் கனடியப் பொதுமக்கள் குழுக் குழுவாகச் சேர்ந்து பொறுப்பெடுத்தார்கள். நாங்கள் 83க்குப் பிறகு வந்தபோது எங்களுக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை.

ஆனால் எங்களிடம் சீட்டு இருந்தது. அவர்கள் இரண்டு பேரிடமும் அதே சீட்டு இருக்கிறது, தெரியுமா? வியட்நாமியர் ஹுய் என்பார்கள், ஜமைக்கர் பார்ட்னர் என்பார்கள். இதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே?

#8 பிராங்க்ஸ்_ராத்திரி

ஈழத்து அண்ணா நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். எங்கள் தளத்தில் பார்ட்னர் ஓடுகிறது, எனக்கும் ஒரு கை உண்டு. சம்பள நாளன்று ஓய்வறையில் மைக்ரோவேவ் பக்கத்தில் எங்கள் பேங்கரம்மா உட்கார்ந்திருப்பார். மூத்த நர்ஸ் உதவியாளர், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, ரப்பர் பேண்ட், ஒரு பழைய பிஸ்கட் டப்பா. 12 பேர், ஆளுக்கு வாரம் 200 டாலர். ஒவ்வொரு வாரமும் ஒருவருக்கு மொத்தம் 2,400. ஏலம் இல்லை, வட்டி இல்லை. யாருக்கு எப்போது என்பதை அவரே முடிவு செய்வார். 'என் மகளுக்குச் செப்டம்பரில் கல்லூரிக் கட்டணம்' என்று காதில் போட்டு வைத்தால் செப்டம்பரில் கை வரும். புதிதாகச் சேர்ந்தவருக்கு எப்போதும் கடைசிக் கைதான். எடுத்தவர்கள் பேங்கரம்மாவுக்குக் கொஞ்சம் கொடுப்பது வழக்கம்.

பணம் எங்கே போகிறது? வீட்டுக்கு முன்பணம், கட்டணம், விமான டிக்கெட், அப்புறம் பேரல். ஆளுயர நீலப் பீப்பாயில் அரிசி, எண்ணெய், சோப்பு, பள்ளிக் காலணி எல்லாம் அடைத்து ஊருக்குக் கப்பலில் அனுப்புவார்கள். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்த அம்மாக்கள்தான் அதிகம் அனுப்புவது. அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு 'பேரல் சில்ட்ரன்' என்றே பெயர். சம்பாத்தியத்தில் ஒரு பங்கு மாதாமாதம் அமெரிக்காவை விட்டுப் போய்விடுகிறது. வெளிநாட்டிலிருந்து ஜமைக்காவுக்கு வரும் பணம் ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல், அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்குகிறது.

#9 கணக்குப்பிள்ளை

இங்கே நிறுத்தி ஒன்று சொல்கிறேன். ஹுய்யும் பார்ட்னரும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் செய்யும் வேலை வேறு.

பார்ட்னர் ஒரு சேமிப்பு. 2,400 போட்டவருக்கு 2,400 வரும். வியட்நாமியரின் ஹுய்யில் பெரும்பாலும் ஏலம் உண்டு, நம் ஏலச்சீட்டு மாதிரியே. அவசரமாகப் பணம் வேண்டியவர் அதிகம் தள்ளி முதலில் எடுப்பார். கடைசிவரை காத்திருப்பவருக்கு அந்தத் தள்ளுத் தொகை வட்டியாகச் சேரும். அதாவது வங்கி கடன் தராத ஒருவர், கடைக்கு முன்பணம் கட்ட, நாற்காலியும் பாத்தொட்டியும் வாங்க, விலை கொடுத்து முதல் திரட்ட ஒரு வழி. காத்திருக்கும் பாட்டிக்கு வங்கியைவிட நல்ல வட்டி. தாய்ச்சி (சீட்டு நடத்துபவர்) ஓடிப்போனால் எல்லாம் போச்சு, அந்தக் கதைகளும் அங்கே உண்டு.

இதனால்தான் அவர்கள் கடை வைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கடைக்கு ஆசைப்படும் கூட்டத்தில் ஏலம் சூடுபிடிக்கும், சம்பளக்காரர் கூட்டத்தில் ஏலத்துக்குத் தேவையே இராது. முதலில் தொழில், அதற்கேற்ற சீட்டு.

இரண்டாவது, ஊருக்குப் போகும் பணம். வியட்நாமியரும் அனுப்பினார்கள்: பொட்டலம், மருந்து, துணி. ஆனால் அமெரிக்கா வியட்நாம் மீதான வணிகத் தடையை நீக்கியது 1994இல், தூதரக உறவு 1995இல். அதுவரை ஏறத்தாழ 20 ஆண்டு ஊரில் நிலம் வாங்க, வீடு கட்ட வழியே இல்லை. திரும்பிப் போகும் நினைப்பும் இல்லை. மிச்சப்படுத்தியது கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும்தான் இறங்கியது. ஜமைக்கருக்கு ஊர் நான்கு மணி நேர விமானம். மாண்டவில் பக்கம் ஓய்வுக்காலத்துக்கு ஒரு வீடு என்ற கனவு பலருக்கு உண்டு. அந்த வீடு அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் சொத்தாக வராது!

மூன்றாவது, வீடு. இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தெற்குக் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் க்ரோவ் பகுதியில் வியட்நாமியர் குடியேறியபோது அது விலை குறைந்த புறநகர். போல்சா சாலையில் கடைகள் வந்தன, 1987இல் ஃபுவொக் லொக் தோ வணிக வளாகம் திறந்தது, அதோடு கலிஃபோர்னியக் கடலோர நிலவிலை எல்லாரையும் தூக்கிவிட்டது. ஜமைக்கர் நியூயார்க்கில் வாங்கியது பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில். 1968 சட்டம் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாட்டைத் தடை செய்தாலும் தரகர் காட்டும் தெருவே வேறாக இருந்தது. ஒரே சம்பளம், ஒரே அளவு வீடு, விலை ஏற்றம் மட்டும் வேறு. 2008 நெருக்கடியில் நியூயார்க்கில் ஏலத்துக்குப் போன வீடுகள் குவிந்த இடம் தென்கிழக்கு குயின்ஸ். கரீபியர்களும் கறுப்பினத்தவரும் பார்ட்னர் எடுத்து, ஓவர்டைம் பார்த்து வாங்கிய வீடுகள். நல்ல கடனுக்குத் தகுதி இருந்தவர்கள் தலையிலும் மோசமான கடனைக் கட்டினார்கள்.

#10 சின்னமனூரான்

மூன்றாவது விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆனால் அதே குயின்ஸில், ஃப்ளாட்புஷில் எழுபதுகளில் வீடு வாங்கித் தாக்குப்பிடித்த ஜமைக்கப் பெரியவர்கள் இன்று லட்சாதிபதிகள்தானே? புரூக்ளின் விலை தெரியாதவனா நான்? அப்புறம் பிள்ளைகள். வியட்நாமியப் பிள்ளைகள் அம்மாவின் நகக் கடையிலிருந்து நேரே பல்கலைக்கழகம் போகிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#11 ஹூஸ்டன்காரி

போகிறார்கள், நிறைய. இங்கே பிறந்த வியட்நாமியப் பிள்ளைகள் பெற்றோரைவிட மிக மேலே படிக்கிறார்கள். என் பக்கத்து மருந்துக் கடையில் மருந்தாளர்களைப் பார்த்தாலே தெரியும். ஜமைக்கப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த காலின் பவலின் பெற்றோர் ஜமைக்கர். கமலா ஹாரிஸின் அப்பா டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காவிலிருந்து வந்து ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரம் கற்பித்தவர். அம்மா நம்மவர் என்று கொண்டாடினோமே, அப்பா பக்கத்தைச் சொன்னோமா?

வித்தியாசம் ஒன்று உண்டு அண்ணா. இங்கே பிறந்த ஜமைக்கப் பையன் வேலை கேட்டுப் போகும்போது அவன் வெறும் கறுப்பினப் பையன்தான். அப்பா அம்மாவின் ஜமைக்கப் பேச்சும் 'நாங்கள் வந்தேறியவர்கள்' என்ற அடையாளமும் ஒரு காலத்தில் சில கதவுகளைத் திறந்தன. பிள்ளைக்கு அது கிடையாது. அவனைப் போலீஸ் நிறுத்தும்போது யாரும் அவன் தாத்தா எந்தத் தீவு என்று கேட்பதில்லை. வியட்நாமியப் பிள்ளைக்கு 'கணக்கில் கெட்டிக்காரன்' என்ற முத்திரை, அவனுக்குக் கணக்கு வராவிட்டாலும்.

சட்டமும் அப்படித்தான். 1996க்குப் பிறகு குற்றத் தீர்ப்பு பெற்ற குடியேறியவர்களை நாடு கடத்துவது பெருகியது, ஜமைக்காவுக்கு விமானம் விமானமாக அனுப்பினார்கள். பல குடும்பங்களில் சம்பாதிக்கும் ஆண் அதோடு போனார். வியட்நாமோ 2008 ஒப்பந்தத்தில், 1995 ஜூலை 12க்கு முன் வந்தவர்களைத் திரும்ப ஏற்பதில்லை என்று எழுதி வாங்கியது. பின்னால் அந்த விலக்கைச் சுருக்க அமெரிக்கா நெருக்கியது என்பது வேறு விஷயம்.

#12 குரோய்டன்_குமரன்

ஆட்கள் எந்த வயதில் வந்தார்கள், யார் வரவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். எழுபதுகளில் பிரதமர் மைக்கேல் மேன்லி ஜமைக்காவில் சோசலிசம் பேசியபோது, பிடிக்காதவர்களுக்கு மயாமிக்குத் தினமும் ஐந்து விமானம் இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். நடுத்தர வர்க்கம் அதைக் கேட்டுக்கொண்டு உண்மையிலேயே ஏறிப் போனது. ஃப்ளோரிடாவில் லாடர்ஹில், மிராமர் எல்லாம் அப்படியும் நிரம்பிய ஊர்கள். அதே ஃப்ளோரிடாவின் கரும்புத் தோட்டங்களில் அதே காலத்தில் ஆயிரக்கணக்கான ஜமைக்க ஆண்கள் தற்காலிக விசாவில் கத்தியோடு கரும்பு வெட்டினார்கள், தொண்ணூறுகளில் இயந்திரம் வரும்வரை. வியட்நாமியரில் தளபதியும் இறால் மீனவரும் இருப்பது போலத்தான் இதுவும்.

#13 கணக்குப்பிள்ளை

சின்னமனூரான் கேட்ட புரூக்ளின் வீடு உண்மை. தாக்குப்பிடித்தவர்கள் காகிதத்தில் பணக்காரர்கள், சொத்துவரி கட்டத் திணறும் பணக்காரர்களும் உண்டு.

காணொளியில் வராத ஒன்று, என் மேசையில் தினம் பார்ப்பது. 65 வயதில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 ஆண்டு மருத்துவமனையில் உழைத்த ஜமைக்கப் பெண்மணிக்குச் சங்க ஓய்வூதியம் இருக்கிறது, முழுச் சம்பளத்துக்கும் சமூகப் பாதுகாப்பு வரி கட்டப்பட்டிருக்கிறது, மாதாமாதம் பணம் வருகிறது. நகக் கடையில் 30 ஆண்டு குனிந்து உட்கார்ந்தவருக்குக் கழுத்து வலியும் மூச்சுத் தொந்தரவும் இருக்கின்றன. டிப்ஸாக வந்தது கணக்கில் ஏறவில்லை. கடைக்காரர் அவரைத் தொழிலாளி என்று காட்டாமல் நாற்காலி வாடகைக்காரர் (தனியாகத் தொழில் செய்பவர்) என்று காட்டியிருப்பார். லாபத்தைக் குறைத்துக் காட்டி வரி மிச்சம் பிடித்த கடைக்காரருக்கும் ஓய்வூதியம் குறைச்சல்தான். கடையை விற்றால் உண்டு. வாங்க ஆள் வேண்டுமே.

40 வயதில் எடுத்தால் வியட்நாமியர் முன்னே, 70 வயதில் எடுத்தால் பல வீடுகளில் ஜமைக்கர் நிம்மதியாக. எந்த வயதில் படம் எடுக்கிறீர்கள் என்பதைக் காணொளிக்காரர் சொல்லவில்லை.

#14 மழைக்காகிதம்

புதிதாகச் சேர்ந்தவள், இழை முழுக்கப் படித்தேன். ஒரு சந்தேகம். பிள்ளைகள் மருந்தாளரும் பொறியாளரும் ஆகிவிட்டால் நகக் கடைகளை இனி யார் நடத்துவார்கள்?

#15 ஹூஸ்டன்காரி

இப்போதைக்கு வியட்நாமிலிருந்து குடும்ப விசாவில் புதிதாக வருபவர்கள். ஐம்பது வயதில் வந்து, ஆங்கிலம் வராமல், தங்கை கடையில் சேர்கிறவர்கள். நான் போகும் கடையில் இரண்டு நாற்காலி காலியாகவே கிடக்கிறது. கடைக்கார அக்கா ஒரு மெக்சிகப் பெண்ணுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார். கடைக்குள் வியட்நாமியத் தொலைக்காட்சி, அந்தப் பெண்ணின் கைபேசியில் ஸ்பானிஷ் பாட்டு, வாசலருகே தரையில் மண்தெய்வத்துக்கு ஆரஞ்சும் ஊதுபத்தியும். விலையை ஏற்ற முடியவில்லை என்பதுதான் அவர் புலம்பல், எதிர்ப்பக்கம் இன்னொரு வியட்நாமியக் கடை.

#16 கணக்குப்பிள்ளை

கலிஃபோர்னியாவில் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. அங்கே தொழிலாளியை வாடகைக்காரராகக் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலிருந்து நகக் கலைஞர்களுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. இனிப் பெரும்பாலான கடைகளில் சம்பளப் பட்டியல், காப்பீடு, வேலையின்மை வரி எல்லாம் போட்டாக வேண்டும். கடைக்காரருக்குச் செலவு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடைசியாக ஓய்வூதியக் கணக்கு தொடங்குகிறது. அங்கே கணக்குப் பார்ப்பவர்கள் யாராவது இங்கிருந்தால், சிறு கடைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று எழுதுங்கள்.